எலிக்கும் பூச்சிக்கும் மேடை கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிப் பேச்சுப்போட்டியில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "எலி, பூச்சிக்கெல்லாம் ஒரு மேடையா? புலியைப் பத்திப் பேசும்மா" என்றார் நடுவர். அரங்கமே சிரித்தது. என் தங்கச்சி மகள் பாதியிலேயே இறங்கிவிட்டாள்.

அவள் பேச வந்த எல்விரா எலி, சேலம் மாவட்டப் பாறைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் பதிவானதில்லை. அழிவின் விளிம்பில் நிற்கிறது. இன்னொன்று ஹவாய்த் தீவுகளின் பிளாக்பர்ன் அந்துப்பூச்சி. அழிந்தே போனதாக நினைத்திருந்தவர்கள் 1984-ல் மாவி தீவில் அதை மறுபடி கண்டார்கள். 2000-ல் அமெரிக்க அரசின் அழியும் உயிரினப் பட்டியலில் ஏறிய முதல் ஹவாய்ப் பூச்சி அதுதான்.

பிள்ளை எவ்வளவு அழகாக ஒப்பிட்டிருந்தாள், தெரியுமா? இரண்டுமே வறண்ட காட்டு உயிர்கள். ஹவாயில் அந்தக் காடு அழிந்து, பூச்சியின் புழு தின்னும் அந்த ஊர் மரங்கள் அருகிப்போயின. வெளியிலிருந்து வந்த காட்டுப்புகையிலையைத் தின்று இப்போது பிழைத்துக்கிடக்கிறது. எலிக்கோ ஓடிப்போக வேறு மலை கிடையாது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"எலி நெல்லைத் தின்கிறதே" என்பார்கள். அது வயல் எலி, இது வேறு. எங்கள் அப்பத்தாவும் இரண்டாங்கட்டில் எலிப்பொறி வைத்தவர்தான், பட்டுப்புடவைப் பெட்டியில் வசம்பு போட்டவர்தான். வீட்டுக்குள் வந்ததை விரட்டினார். காட்டில் இருப்பது போய்த் தொலையட்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"சோற்றுக்கே வழியில்லாதவர்கள் இருக்கும்போது இது தேவையா?" புலிக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி வருவதில்லை?

"ஹவாய்ப் பூச்சிக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" அந்தப் பூச்சி தேன் குடிக்கும் பூக்களில் ஒன்று, நம் நாட்டு மருந்துக்கடையில் வேராக விற்கும் கொடிவேலி. அதை விடுங்கள். பர்மா தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? கடல் தாண்டி அந்தக் காட்டை வெட்டிக் கொண்டுவந்தபோது சம்பந்தம் இருந்ததே! இங்கேயும் முள்ளும் பாறையுமாகக் கிடந்தால் தரிசு என்று எழுதி வைத்துவிடுகிறோம். அதற்குள் என்ன குடியிருக்கிறது என்று யார் போய்ப் பார்த்தது?

எலிதானே, பூச்சிதானே என்று தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள், மனசு தாங்கவில்லை. பரிசும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நடுவர் ஐயா பிள்ளையைக் கூப்பிட்டு மீதிப் பேச்சைக் கேட்கட்டும். நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.