தாயை எதற்கு விசாரிக்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டு மண்டபத்தில் நடந்த கூத்தின் காணொளியை இன்னும் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், போதும், பார்த்துவிட்டேன். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயை எழுப்பி நிறுத்தி, "மாசமா இருந்தப்ப எந்தக் கடையில மஞ்சத்தூள் வாங்குனீங்க அம்மிணி?" என்று பேச்சாளர் மைக்கில் கேட்டதும், அந்த மஞ்சளில் கலந்திருந்த ஈயம் குடலின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றதால்தான் குழந்தைக்கு இப்படி ஆயிற்று என்று தீர்ப்புச் சொன்னதும், அதே மூச்சில் உடலிலிருந்து ஈயத்தை இறக்கும் என்று ஒரு தூளை விற்றதும் விழிப்புணர்வாம்.

ஈயம் நஞ்சு என்பதை நான் மறுக்கவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் அதை அதிகமாக உறிஞ்சும். அறிவு வளர்ச்சியையும் கவனத்தையும் கெடுக்கும். அதற்காகத் தாயை எதற்கு விசாரிக்கிறீர்கள்?

"ஆய்வுகள் இருக்கின்றனவே" என்பீர்கள். இருக்கின்றன. ஸ்வீடன் இரட்டையர்களின் பால்பற்களைப் பார்த்து 2017-இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் உள்ளவர்களின் பற்களில் ஈயம் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது; அது காட்டியது தொடர்பை மட்டுமே, காரணத்தை அல்ல. அதே ஆண்டு அரிசோனாவில் ஆட்டிசம் உள்ள 18 குழந்தைகளுக்குக் குடல் நுண்ணுயிர்களை மாற்றிச் செலுத்தி முன்னேற்றம் கண்டதாக எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத ஆட்டிசக் குழந்தைகள் அதில் இல்லை. 2021-இல் ஆஸ்திரேலியாவில் 247 பேரிடம் நடந்த ஆய்வோ, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சில உணவுகளை மட்டுமே உண்பதால்தான் குடல் பாக்டீரியாவின் வகைகள் குறைகின்றன என்ற பக்கம் சாய்ந்தது. என் மகன் வெள்ளையாக இல்லாத எதையும் வாயில் வைக்க மாட்டான். அவனுடைய அம்மாயி ஆசையாகச் சந்தகையை மஞ்சள் போட்டுத் தாளித்துக் கொடுத்த அன்று, தட்டு திண்ணையைத் தாண்டிப் போய் விழுந்தது.

"அக்கறையில்தானே கேட்டார்" என்பவர்களே, அக்கறை உள்ளவர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார். ஈயத்தை இறக்குகிறோம் என்று ஆட்டிசக் குழந்தைக்கு ஏற்றிய மருந்து, ரத்தத்தில் கால்சியத்தை இறக்கி, 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. நான் இயற்கை மருத்துவத்தின் எதிரி என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் கலப்பது 2019-இல் அம்பலமானபோது, அரசு சந்தையில் சோதனை போட்டு வியாபாரிகளிடம் அபராதம் வாங்கியது. தாய்மார்களை எழுப்பிக் கேள்வி கேட்கவில்லை. நம் ஊரில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குபவரிடம் ஒலிபெருக்கி போகாது, புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நிற்கும் பெண்ணிடம்தான் போகும். என் மனைவி இப்போதெல்லாம் சீருக்குப் போனால் பந்தியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேச்சு தொடங்குமுன் எழுந்துவிடுகிறாள். மேடை போட்டுக் கேட்காவிட்டாலும் சொந்தபந்தம் கேட்பதும் அதே கேள்விதான்: "மாசமா இருந்தப்ப என்ன தின்ன?" என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வருத்தத்தில் எழுதுகிறார் என்று அனுதாபம் சொல்ல வருபவர்கள், அந்தத் தூள் டப்பாவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். அதில் விலை மட்டும்தான் அச்சிட்டிருக்கிறது.