டேக் மட்டும் போடுங்கன்னா கேக்கறதில்ல

சரக்கு அடுக்கற இரும்பு ரேக்கோட பிரேமை தரையில் கிடத்தி, முதல்ல நாலு மூலையிலும் டேக் (பிடிப்புக்குப் போடற சின்னப் புள்ளி வெல்டு) போடாம, ஒரு மூலையை ஃபுல் வெல்டு அடிச்சிட்டு அடுத்த மூலைக்குப் போற பழக்கத்தை என்னிக்குத்தான் விடுவாங்களோ! வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கினா வெல்டு அடிச்ச பக்கமே இழுக்கும். மூலைமட்டம் வெச்சுப் பார்த்தப்ப சரியாத்தானே இருந்துச்சுன்னு அப்புறம் கேட்டு என்ன பிரயோஜனம்?

2400-க்கு 900 பிரேம்னா கிராஸ் அளவு (மூலைக்கு எதிர்மூலை) ரெண்டு பக்கமும் 2563 மி.மீ. வரணும். நாலு மூலையிலும் டேக் போட்டதும் டேப் பிடிச்சா ஒரு நிமிஷ வேலை. வித்தியாசம் இருந்தா, கிராஸ் நீளமா இருக்கற மூலையில் ரெண்டு தட்டு தட்டினாலே வந்துடும். ஃபுல் வெல்டுக்கு அப்புறம் சம்மட்டியால அடிச்சாலும் வராது. கிரைண்டர் போட்டு அறுக்கத்தான் வேணும். அதுவும் 2 மி.மீ. ஸ்கொயர் பைப்னா, அறுத்து மறுபடி அடிக்கறப்ப ஓட்டை விழுந்துடும்.

ஒண்ணு கோணினா அதோட நிக்குதா? ரெண்டு சைடு பிரேமையும் நிறுத்தி தட்டைத் தாங்கற குறுக்கு ஆங்கிளை (L வடிவ இரும்பு) வெச்சா ஒரு முனை முட்டும், மறுமுனையில் 6 மி.மீ. இடைவெளி. அதை வெல்டாலயே ரொப்புறாங்க! மேலே பளபளன்னு இருக்கும். சிலாக்கை (வெல்டு மேல படியற கசடு) தட்டிப் பாருங்க, உள்ளே ஆங்கிளோட ஒட்டவே இல்ல. அந்தத் தட்டில்தான் அரை டன் சரக்கு ஏறப்போகுது, கீழே ஆள் நிப்பாங்க. ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிச்சிட்டா இது யார் கண்ணுக்கும் தெரியாது.