பூனையைக் கேட்டீர்களா?

1907 அக்டோபரில் லண்டன் 'பஞ்ச்' நையாண்டிப் பத்திரிகையில் வந்த ஒரு கார்ட்டூன். சிங்கமும் கரடியும் நடுவில் ஒரு பூனையை வைத்துக்கொண்டு பேரம் பேசுகின்றன. "தலையோடு நீ விளையாடு, வாலோடு நான் விளையாடுகிறேன், முதுகை ரெண்டு பேரும் தடவிக் கொடுப்போம்" என்கிறது சிங்கம். "இதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லையே" என்கிறது பூனை.

சிங்கம் பிரிட்டன், கரடி ரஷ்யா, பூனை பாரசீகம், அதாவது இன்றைய ஈரான். அந்த ஆகஸ்ட் 31-ல்தான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இரு வல்லரசுகளும் கையெழுத்துப் போட்டிருந்தன. வடக்கு ரஷ்யாவின் செல்வாக்குக்கு, தென்கிழக்கு பிரிட்டனுக்கு, நடுப்பகுதி பொது. முந்தைய வருடம்தான் மன்னரிடம் போராடி அரசியல் சட்டமும் நாடாளுமன்றமும் வாங்கியிருந்தார்கள் அந்த மக்கள். 1908-ல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அந்த ஊர் இருந்தது பொது என்று விட்டுவைத்த முதுகில்! 1915-ல் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டு முதுகையும் பிரிட்டன் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

இந்தப் படத்தை ஏகாதிபத்தியத்தின் முகத்திரையைக் கிழித்த படம் என்று சிலாகிப்பவர்கள் உண்டு. முதலில் பார்த்தபோது நானும் சிரித்தேன். அப்புறம்தான் அந்தத் 'தடவிக் கொடுப்போம்' உறுத்த ஆரம்பித்தது. ஒரு நாட்டைக் கூறுபோடுவது இங்கே செல்லப் பிராணியோடு விளையாடுவதாகிவிட்டது. பூனைக்கு ஒரு வசனம் கொடுத்தார்கள், சரி. அதுவும் வாசகர் புன்னகைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் அளவுக்குத்தான்.

இதே பத்திரிகைக்குக் கடுமையாக வரையத் தெரியாதா? ரப்பருக்காகக் காங்கோ மக்களை வதைத்த கொடுமையைப் பற்றி 1906-ல் வந்த படத்தைப் பாருங்கள். ரப்பர் கொடி பாம்பாகி ஓர் ஆப்பிரிக்கரை நெரிக்கிறது, பாம்பின் தலை அப்போது காங்கோவை ஆண்ட பெல்ஜிய அரசர் லியோபோல்டின் தலை. பார்த்தால் குலை நடுங்கும். அடுத்த வீட்டுக்காரன் செய்தால் பாம்பு, நம் வீட்டுக்காரன் செய்தால் பூனை விளையாட்டு.

1911 டிசம்பரில் பூனை மறுபடி வருகிறது. ரஷ்யா இறுதி எச்சரிக்கை விட்டுப் படையை நகர்த்திக்கொண்டிருந்த மாதம் அது. மாதம் முடிவதற்குள் பாரசீக நாடாளுமன்றத்தையே மூடிவிட்டார்கள். படத்தில் கரடி பூனையின் வாலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. "நமக்குள் இவ்வளவு நல்ல புரிதல் மட்டும் இல்லையென்றால், நம் குட்டித் தோழனை என்ன செய்கிறாய் என்று கேட்டிருப்பேன்" என்கிறது சிங்கம்.

இந்த முறை பூனைக்கு வசனமே இல்லை.