தீர்ப்பு வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்

பெரிய நடிகரின் தமிழ்ப் படம் வெளியாகும் நாளில், காலை ஒன்பது மணிக்குள் அதன் தலையெழுத்தைப் பெங்களூரு எழுதி முடித்துவிடுகிறது. 2023 ஜனவரிக்குப் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றுபோயின. ‘ஜெயிலர்’, ‘லியோ’ எல்லாம் அங்கே ஒன்பது மணிக்குத்தான் தொடங்கின. இங்கே அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டன. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இளைஞர்கள் இருட்டோடு இருட்டாக வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். சென்னைக்காரர் பல் துலக்கி முடிப்பதற்குள் அவருடைய கைப்பேசிக்கு நம் ஊரிலிருந்து தீர்ப்பு போய்ச் சேர்ந்துவிடும்: முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை, ஐந்துக்கு இரண்டரை.

அந்த இரண்டரையின் மேல்தான் எனக்குக் கோபம்.

எங்கள் அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் ஒரு மேசை நிறைய இருக்கிறோம். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது வார இறுதியில் யார் என்ன படம் பார்த்தார்கள் என்று பேச்சு வரும். ஆசையாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன். கிடைப்பது என்ன? ‘ஒருமுறை பார்க்கலாம்.’ ‘ஓடிடியில் வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்.’ ‘பின்னணி இசை தூக்கி நிறுத்திவிட்டது.’ சரி, கதையில் என்ன நடந்தது, யார் மனதில் நின்றார்கள் என்று கேட்டால் அப்படி ஒரு மௌனம். கதாநாயகியின் பெயர் நினைவில்லாதவருக்கு அந்தப் படம் மலேசியாவில் முதல் நாள் எவ்வளவு வசூலித்தது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. தயாரிப்பாளருக்கு மைத்துனர் என்றால்கூட நான் ஒத்துக்கொள்வேன். இவர் பெல்லந்தூரில் மென்பொருள் சோதிக்கிறவர்.

மதிப்பெண் போடுவது விமர்சகரின் தொழில். வாரத்துக்கு நான்கு படம் பார்த்து, எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இது தேறும், இது தேறாது என்று அவர் சொல்லத்தான் வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் அவரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நாம் எங்கோ பிறந்து, ஏதோ ஒரு தெருவில் வளர்ந்து, இந்த ஊருக்கு வந்து சேர்ந்து, அந்த உடம்போடு போய்த் திரையரங்கில் உட்காருகிறோம். அதைக் கழித்துவிட்டு மதிப்பெண்ணை மட்டும் கொடுப்பதென்றால் எதற்காகப் பேச வேண்டும்?

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். இதே பெங்களூருவின் ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், சினிமாப் பைத்தியம் எல்லாம் கிடையாது. 2025 மே மாதம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தபோது, சிம்ரனுக்காகப் போகலாம் என்று என்னோடு கிளம்பினார். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் படகேறி ராமேசுவரம் வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் யாருக்கும் தெரியாமல் ஒண்டிக்கொள்ளும் குடும்பத்தின் கதை. வாயைத் திறந்தால் தமிழே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அக்கம்பக்கத்தில் பேசவே பயப்படுகிறார்கள். அரங்கில் அந்தக் காட்சிகளுக்கு நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோதுதான் பேசினார். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் இங்கே கலவரம் மூண்டதே, அப்போது அவர் கல்லூரி மாணவி. வீட்டு வாசலில் தமிழில் இருந்த பெயர்ப்பலகையை அவருடைய அப்பா இரவோடு இரவாகக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாராம். தமிழ்ச் செய்தித்தாளைப் போட வேண்டாம் என்று ஏஜெண்டிடம் சொல்லியாகிவிட்டது. தெருவில் கன்னடம் மட்டும்தான் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. “அம்மா, அப்பா என்று மட்டும் தைரியமாகக் கூப்பிடுவோம். அது இரண்டிலும் ஒன்றுதானே” என்றார். அவருடைய தம்பி சின்னப் பையன். கன்னடத்தில் சண்டை போட வராததால் அந்த ஒரு வாரம் தெருவில் எல்லோரிடமும் அடி வாங்கிக்கொண்டு வந்தானாம்.

அதோடு நிற்கவில்லை அவர். “ஆனால் படத்தில் குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லோருமே தங்கமாக இருக்கிறார்களே, அது கொஞ்சம் அதிகம்” என்றும் சொன்னார். எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம் இரண்டு நாள் அவர்களைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டதும் உண்மைதான், மூன்றாவது வீட்டுக்காரர் யார் யார் தமிழர் என்று கை காட்டியதும் உண்மைதான். படத்தில் அந்த மூன்றாவது வீட்டுக்காரரைக் காணோம் என்பது அவருடைய குறை. அந்தப் படத்தைப் பற்றி நான் நிறையப் படித்தேன். இவ்வளவு சரியாக அதன் பலவீனத்தைத் தொட்ட விமர்சனம் என் கண்ணில் படவில்லை. ஐந்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று அக்காவிடம் கேட்டிருந்தால் நான்கு என்று சொல்லியிருப்பார், அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறானது ‘மெய்யழகன்’ விவகாரம். 2024 செப்டம்பர் 27 அன்று ஏறக்குறைய மூன்று மணி நேரப் படமாக வெளியானது. முதல் காட்சியிலிருந்தே நீளம், நீளம் என்று ஒரே கூச்சல். சில நாட்களில் பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் வெட்டிவிட்டார்கள். நான் பார்த்தது வெட்டுக்கு முந்தைய வடிவம். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை நண்பர், மண்டியாக்காரர், ஆங்கில வரிகளைப் படித்துத் தமிழ்ப் படம் பார்ப்பவர், வெட்டிய பிறகு பார்த்தார். இருவரும் பேசத் தொடங்கினால் ஒரே படத்தைத்தான் பார்த்தோமா என்று சந்தேகமாக இருந்தது.

படம் மெதுவாகத்தான் நகர்கிறது. சொந்த வீட்டை இழந்து, தஞ்சாவூரை விட்டுப் போனவன், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஒரே ஒரு நாள் ஊர்ப்பக்கம் வருகிறான். தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவனின் பெயர் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. இதை எப்படி ஓட்டமாக ஓட்டுவது? அந்த ஒருவனாக வரும் கார்த்தியின் நல்லகுணம் சில இடங்களில் எனக்கும் திகட்டியது, அதை மறைக்கவில்லை. ஆனால் அரவிந்த்சாமி அந்த அசடு வழிதலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் முகத்தில் வைத்துக்கொண்டு இருந்ததை யாராவது சொன்னார்களா? மண்டியா நண்பர் சொன்னார். ஊருக்குப் போனால் தெரிந்த முகத்துக்குப் பெயர் தெரியாமல் ‘நல்லா இருக்கீங்களா’ என்று பொதுவாகச் சமாளிப்பது அவருக்கும் வழக்கமாம். அதனால் இப்போதெல்லாம் ஊர்த் திருவிழாவுக்கே போவதில்லையாம். இப்படி நான்கு பேர் முதல் நாளே எழுதியிருந்தால் அந்தப் பதினெட்டு நிமிடம் தப்பித்திருக்குமா? தெரியாது. நீளம் என்ற ஒற்றைப் புகாருக்கு எதிராக ஏதாவது ஒரு குரலாவது இருந்திருக்கும்.

ஏன் எல்லோரும் நீதிபதி ஆகிவிடுகிறோம்? பெங்களூருவைப் பொறுத்தவரை காரணம் ரசனையே அல்ல, டிக்கெட்தான். சென்னை மல்டிபிளெக்ஸில் இருநூறு ரூபாய்க்குள் அரசு வைத்த உச்சவரம்பு இருக்கிறது. இங்கே வார இறுதியில் அதே படத்துக்கு, ஓசூர் எல்லையைத் தாண்டிய குற்றத்துக்காக, ஐந்நூறு, அறுநூறு என்று கேட்கிறார்கள். நட்சத்திரப் படத்தின் முதல் நாள் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம் சோளப்பொரியோடு வெளியே வரும்போது ஒரு மளிகைப் பட்டியலே கரைந்திருக்கும். அந்தப் பணத்தைக் கொடுத்தவன் ரசிகனாக எப்படி உட்காருவான்? கடன் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவனைப்போல, வட்டி வருகிறதா என்றுதான் திரையைப் பார்ப்பான். பாடல் வந்தால் நேரத்தைப் பார்ப்பான். ‘ஓடிடியில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவன் சொல்வது படத்தைப் பற்றிய கருத்தே அல்ல, அவனுடைய பணப்பையின் முனகல். ‘மெய்யழகன்’ நான்கு வாரத்தில் வீட்டுத் திரைக்கு வந்துவிட்டது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுமையாக இருந்தவன் புத்திசாலி ஆகிவிடுகிறான்.

2025 செப்டம்பரில் கர்நாடக அரசு, சின்னச் சொகுசு அரங்குகள் தவிர எல்லாத் திரையரங்குகளுக்கும், வரி நீங்கலாக, 200 ரூபாய் உச்சவரம்பு என்று விதி கொண்டுவந்தது. எங்கள் மேசையில் இனிப்புகூடப் பரிமாறப்பட்டது. அதே மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இனிப்பு வாங்கியவருக்கு நஷ்டம்.

ஊர்வசி, லாவண்யா மாதிரி ஒற்றைத் திரையரங்குகளில் படம் பார்ப்பவர்களின் பேச்சு வேறு மாதிரி இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். விலை குறைவு என்பதால் கோபமும் குறைவு. அவர்கள் படத்தை மன்னிப்பார்கள் என்று சொல்லவில்லை. வசனத்தைத் திருப்பிச் சொல்வார்கள், சண்டையைக் கையாலேயே நடித்துக் காட்டுவார்கள், பிடிக்காத இடத்தில் அங்கேயே ஊளையிடுவார்கள். ‘லப்பர் பந்து’ பார்த்துவிட்டு அல்சூரில் டீக்கடை வாசலில் இரண்டு பேர் வாதாடியது இன்னும் என் காதில் இருக்கிறது. தினேஷா, ஹரிஷ் கல்யாணா என்று அல்ல. டிராக்டரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிடும் அந்த மனைவி செய்தது சரியா, தவறா என்று. ஒருவர், விளையாட்டில் தலையிடுவது பாவம் என்றார். மற்றவர், “உன் வீட்டில் டிராக்டர் இல்லை, அதனால் பிழைத்தாய்” என்றார். இருவரில் யாரும் படம் வெற்றியா தோல்வியா என்று பேசவே இல்லை.

‘கொட்டுக்காளி’க்கு என் மாமியாரை அழைத்துப் போனேன். பின்னணி இசையே இல்லாத படம். எங்களுக்குப் பின்வரிசையில் ஒருவர் ஒலிபெருக்கியில் கோளாறு என்று ஊழியரைத் தேடிப் போனார். படத்தின் முடிவில் நிறையப் பேருக்குக் கோபம், முடிவே இல்லை என்று. அன்னா பென் நடித்த பெண் படம் முழுக்க ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. அவள் ஏன் பேசவே மாட்டேன் என்கிறாள் என்று லிஃப்டில் ஒரு பையன் எரிச்சலோடு கேட்டான். மாமியார் திரும்பி, “அவளிடம் யாரப்பா கேட்டார்கள்?” என்றார். லிஃப்ட் தரைத்தளம் வரும்வரை அந்தப் பையன் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

‘தக் லைஃப்’ சமயத்தில் நடந்தது தனிக் கூத்து. கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற கமல்ஹாசனின் பேச்சால் எழுந்த எதிர்ப்பில் 2025 ஜூன் 5 அன்று அது கர்நாடகத்தில் வெளியாகவில்லை. தணிக்கைச் சான்று பெற்ற படத்தைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 17 அன்று கண்டித்தபோது, மற்ற ஊர்களில் படத்தின் மூச்சு அடங்கியிருந்தது. இங்கிருந்து பலர் ஓசூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். படம் எப்படி என்று அவர்களிடம் கேட்டால் மின்னணு நகர மேம்பாலத்தில் நின்ற நேரத்தையும் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடி வரிசையையும் பற்றித்தான் சொன்னார்கள். பிரச்சினை எது வந்தாலும் முதலில் இறங்குவது தமிழ்ப் பட போஸ்டர் என்பது மேல்மாடி அக்கா தலைமுறைக்குப் பழகிப்போனது. ஓசூர் போனவர்கள் அந்தப் பயணத்தையாவது எழுதியிருக்கலாம். அவர்களும் மதிப்பெண்தான் போட்டார்கள்.

இப்படியெல்லாம் சொல்வதால் 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் கேட்டதுபோல திரையரங்க வாசலில் ஒலிவாங்கியோடு நிற்பவர்களைத் துரத்த வேண்டும் என்பது என் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று கேட்டு வழக்கும் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. நல்லவேளை. ஆயிரம் ரூபாயை முதல் நாள் வாங்கிக்கொண்டு, கருத்தை மட்டும் நான்காம் நாள் சொல் என்பது என்ன நியாயம்? மோசமான படத்தை மோசம் என்று சொல்லும் உரிமையில் கை வைக்கக் கூடாது. ஒலிவாங்கியை நீட்டுகிறவர் கேட்கும் கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. ‘படம் எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘தாறுமாறு’ என்றுதான் பதில் வரும். ‘எந்த இடத்தில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் மேல்மாடி அக்காவும் நானும் மறுபடி ஒரு படத்துக்குப் போகிறோம். காலைக் காட்சி, அதுதான் கட்டுப்படியாகிறது. இடைவேளையில் ‘எப்படிப் போகிறது?’ என்று யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். பதில் வராது. சோளப்பொரி வரிசையில் அவர்கள் இருவரும் என்ன சண்டை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.