பேய் விளையாட்டைப் பிள்ளைகளே செய்யட்டும்

அக்டோபர் பிறந்ததிலிருந்து இங்கே ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்குகிறது. நம் பெற்றோர் வாட்ஸாப் குழுவிலும் கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன, ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குப் பார்ட்டி வைக்க எந்த விளையாட்டு செட் வாங்கலாம், எங்கே கூட்டிப்போகலாம் என்று. அங்கே எழுதினால் நீண்டுவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன். எதுவும் வாங்காதீர்கள், எங்கேயும் கூட்டிப்போகாதீர்கள். வீட்டிலேயே வையுங்கள், விளையாட்டுச் சாமான்களைப் பிள்ளைகள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.

2023-இல் நாங்களும் டிக்கெட் எடுத்து ஊருக்கு வெளியே, பேய் வேடம் போட்டுப் பயமுறுத்தும் ஓரிடத்துக்குப் போனோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. சின்னப் பிள்ளைகளும் வரலாம் என்றுதான் போட்டிருந்தார்கள். உள்ளே முகமூடி போட்ட ஒருவர் இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுத்தபடி எங்கள் பின்னாலேயே வந்தார், பிள்ளை அழுகிறாள் என்று சொல்லியும் விடவில்லை. அதற்கப்புறம் இரண்டு வாரம் அவள் விளக்கை அணைக்கவே விடவில்லை, பாத்ரூமுக்குப் போகவும் துணைக்கு ஆள் வேண்டும். காசு கொடுத்துப் பிள்ளைக்குப் பயத்தை வாங்கி வந்தோமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அடுத்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, 31 அக்டோபர். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து லேகியம் சாப்பிட்டாயிற்று, சாயங்காலம் எட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். மகள் வேண்டவே வேண்டாம் என்றாள். சரி, நீ விளையாட வேண்டாம், எனக்குச் செய்து மட்டும் கொடு என்று ஒரு செருப்புப் பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். பக்கவாட்டில் வட்டமாக வெட்டி, அப்பாவின் பழைய சாக்ஸை நுனி நறுக்கி அந்த ஓட்டையில் ஒட்டினோம். கையை விட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் இதற்குக் குளிர்ந்த ஸ்பகெட்டியும் உரித்த திராட்சையும் வைப்பார்கள். நம் சமையலறையில் இதைவிடப் பிரமாதமான சரக்கு இருக்கிறது. ராத்திரி ஊறவைத்த ஜவ்வரிசி, தவளை முட்டை. வேகவைத்து எண்ணெய் பிசறிய சேமியா, புழு. டின் லிச்சி, கண். கொட்டையோடு ஊறிய புளி இருக்கிறதே, அதைத் தொட்ட ஒரு பையன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார். எங்கள் மகள் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "இது ஒரு கிழவியோட ஈரல், மெதுவா தொடு" என்கிறாள்! முந்தின வருடம் அப்படி நடுங்கிய பிள்ளை. பேய்க்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவள்தானே அதைக் கரைத்து வைத்தவள்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் முழுத் திராட்சை, முழுக் கடலை எதுவும் பக்கத்திலேயே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். யாருக்காவது கடலை அலர்ஜி உண்டா என்று அவர்களின் அம்மாக்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விளக்குகளில் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு போதும், பளபளா உடைகள் சட்டென்று தீப்பிடிக்கும்.

மற்ற விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தது அந்த எதிர்வீட்டுப் பாட்டிதான், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ட்ரீக்கிள் என்று ஒரு சர்க்கரைப் பாகு இங்கே கிடைக்கும், நம் கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பாக, லேசான கசப்போடு. அதை ஸ்கோன் என்ற பன் மாதிரிப் பலகாரத்தின் மேல் வழிய வழியத் தடவி, நூலில் கட்டிக் கொடியில் தொங்கவிடுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கடிக்க வேண்டும். நம் உறியடி மாதிரிதான், கம்புக்குப் பதில் பல். ஐந்து நிமிடத்தில் மூக்கு, புருவம், தலைமுடி எல்லாம் பாகு. கீழே பழைய செய்தித்தாளைத் தாராளமாக விரித்துவிடுங்கள்.

ஆப்பிள் டூக்கிங்கும் அப்படித்தான், தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயாலேயே கவ்வி எடுக்க வேண்டும். ஆப்பிளுக்குள் கால் பங்கு காற்று என்பதால் தொட்டித் தண்ணீரில் மிதக்கும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே தண்ணீரில் வாயை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். அதற்கும் ஸ்காட்லாந்தில் பழைய வழி ஒன்று இருக்கிறதாம், நாற்காலியில் முட்டி போட்டு, பல்லில் முள்கரண்டியைக் கவ்விக்கொண்டு, குறி பார்த்து ஆப்பிள் மேல் விழவைப்பது. பெரிய பிள்ளைகள் அரை மணி நேரம் இதைவிட்டு நகரவில்லை. குட்டிகள் யாராவது வந்தால் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

டாய்லெட் பேப்பரைச் சுற்றி எகிப்து மம்மி ஆக்கும் விளையாட்டுக்கு நான் அப்பாவின் கிழிந்த வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்து வைத்திருக்கிறேன். துவைத்து மடித்தால் அடுத்த வருடத்துக்கும் ஆயிற்று, குப்பையும் இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பண்டிகை, நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இது கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட பண்டிகை இல்லை. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-இலேயே இந்த இரவைப் பற்றி நீளமாகக் கவிதை எழுதியிருக்கிறார். இரண்டு கொட்டைகளுக்கு ஒரு சோடியின் பெயரை வைத்து நெருப்பில் போட்டு, சேர்ந்து எரிகின்றனவா, ஒன்று துள்ளி ஓடுகிறதா என்று பார்க்கும் விளையாட்டு அதில் வருகிறது. முகம் வெட்டி விளக்கு வைக்கும் பூசணிகூட அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இங்கே பழைய ஆட்கள் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து முகம் வெட்டினார்கள். கல் மாதிரி இருக்கும், கரண்டி வளைந்துவிடும், வெட்டி முடிக்கும்போது அசல் பேயாகவே தெரியும். புது வீட்டுக்குத் திருஷ்டிப் பூசணியில் கோரப்பல் வரைந்து தொங்கவிடும் நமக்கு அதைப் பார்த்து என்ன அந்நியம்?

எனக்கு ரொம்பப் பிடித்தது கைசிங். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போனால் சும்மா மிட்டாய் கேட்கக் கூடாது, ஒரு பாட்டோ ஜோக்கோ சொல்லிக்காட்டிய பிறகுதான் கையில் கடலையும் ஆரஞ்சும் விழும். இப்போது அது மெல்ல மறைந்து வெறும் மிட்டாய் வசூலாகிக்கொண்டிருக்கிறது, அது எனக்கு வருத்தம். தயவுசெய்து நம் பிள்ளைகளையாவது ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள்.

போன தடவை எங்கள் மகள் அந்த எதிர்வீட்டுப் பாட்டியின் வாசலில் நின்று விடுகதை போட்டாள். ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டினார்கள், ஒருவர் கண்பட்டு உடைந்ததாம், அது என்ன? அவளே இங்கிலீஷில் மாற்றிச் சொன்னது. பாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார், சிலந்தி வலையா என்றார், எறும்புப் புற்றா என்றார். தேன்கூடு என்று இவள் சொன்னதும் "அடடா!" என்று கைதட்டிவிட்டு, கூடையை அப்படியே நீட்டினார். இந்த வருடத்துக்கு இப்போதே விடுகதை தேட ஆரம்பித்துவிட்டாள். உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள், கொஞ்சம் கஷ்டமானதாக.