ரிப்போர்ட்டின் ஓரத்தில் இருக்கும் அந்த இன்னொரு எண்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரங்களில் இப்போது ஹெவி மெட்டல் டெஸ்ட் என்று ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக் எல்லாம் உங்கள் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார்களாம். எடுக்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான். பேட்டரிப் பட்டறை, பெயின்ட், உலோகம் உருக்கும் வேலை என்று நேரடித் தொடர்பு இருந்தால், அல்லது வீட்டில் யாராவது உலோகம் சேர்ந்த பஸ்பங்களைத் தொடர்ந்து சாப்பிட்டால், எடுங்கள். மற்றவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். இந்த டெஸ்டை அரசுதான் எடுக்க வேண்டும், ஆயிரக்கணக்கானவர்களுக்கு, சில வருஷங்களுக்கு ஒருமுறை.

ஈயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். (காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். கலப்படம் இல்லாதவரை.)

ரிப்போர்ட்டில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ரெஃபரன்ஸ் ரேஞ்ச் என்று ஒன்று அச்சாகியிருக்கும். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அதைப் பார்த்துப் பார்த்து, அதற்குள் இருந்தால் நலம் என்று பழகிவிட்டோம். ஈயத்துக்கு உடம்பில் எந்த வேலையும் கிடையாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று நிரூபிக்கப்பட்ட அளவும் கிடையாது. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி இன்று குழந்தைகளுக்கு வைத்திருக்கும் எண், டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். அந்த நாட்டின் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளை வரிசைப்படுத்தினால், அதிக ஈயம் உள்ள கடைசி இரண்டரை சதவீதம் தொடங்கும் இடம் அது. அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய அளவு என்று வைத்திருந்த எண் 1960களில் 60. 1975இல் 30, 1985இல் 25, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. அன்றைக்கு 50 இருந்த குழந்தையை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இன்று 45ஐத் தொட்டாலே, ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுப்பது பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள்.

இந்த ‘நார்மல்’ எப்படி உருவானது என்பது சுவாரசியமான கதை. பெட்ரோலில் ஈயம் கலந்த தொழிலுக்குப் பல பத்தாண்டுகள் மருத்துவ ஆதரவாக நின்றவர் ராபர்ட் கீஹோ. ஈயம் எல்லார் ரத்தத்திலும் இயல்பாகவே இருக்கும், 80க்குக் கீழே ஆபத்தில்லை என்பது அவர் வாதம். ஆதாரத்துக்கு, காரே போகாத மெக்சிகோ கிராமத்தவர்களின் உடம்பிலும் ஈயம் இருப்பதைக் காட்டினார். அவர்கள் சாப்பிட்ட மண்பாத்திரங்களின் மெருகில் ஈயம் இருந்தது! ஏற்கெனவே கறைபட்டவர்களை அளந்து, கறையையே இயல்பு என்று எழுதிக்கொண்டார்கள்.

அதை உடைத்தவர் டாக்டர் அல்ல, கல்லைப் படித்த ஆள். கிளேர் பேட்டர்சன் பூமியின் வயதைக் கணக்கிட, விண்கல்லில் இருக்கும் ஈயத்தை அளக்கப் பார்த்தார். அளக்க அளக்க எண் ஏறுமாறாக வந்தது. காற்று, தூசி, கண்ணாடிக் குடுவை, தன் தலைமுடி வரை எல்லாவற்றிலிருந்தும் ஈயம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சுத்தமான ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டி அந்தப் பிரச்சினையை அடக்கினார். 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். பிறகு 1965இல், நாம் இயல்பு என்று நினைக்கும் அளவு இயற்கையைவிடப் பல மடங்கு அதிகம் என்று எழுதினார். தொழில்துறை அவரை எப்படி நடத்தியது என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.

வெளியிலிருந்து விழும் ஈயத்தோடு அவர் பட்ட பாடு இன்றும் தீரவில்லை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால், நூறு கோடிப் பங்கில் 50 பங்கு. விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்கும்போது தோலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். அதனால்தான் விரலில் எடுத்த ரத்தத்தில் அதிகமாகக் காட்டினால், நரம்பில் மறுபடி எடுத்து உறுதி செய்யச் சொல்கிறார்கள்.

சரி, ஊரையே அளந்தால் என்ன கிடைக்கும்? 1976 முதல் 1980 வரை அமெரிக்க தேசிய சர்வேயில், மக்களின் சராசரி ரத்த ஈயம் 14.6லிருந்து 9.2க்கு இறங்கியது. பெட்ரோலில் விற்ற ஈயம் குறைந்த அதே வேகத்தில். 1980களின் தொடக்கத்தில், பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கும் விதியைத் தளர்த்தலாமா என்று அரசு யோசித்துக்கொண்டிருந்தது. இந்த வரைபடம் வந்தபின் விதி இறுகியது.

நமக்கு இன்னும் பக்கத்தில், வங்கதேசம். தொழிற்சாலை எதுவும் இல்லாத கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் அதிகம் என்று டாக்காவில் இருக்கும் ஐசிடிடிஆர்பி என்ற மருத்துவ ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் தேடின. ஈயத்தில் எடை வேறுபட்ட அணு வகைகள் (ஐசோடோப்பு) உண்டு; அவற்றின் விகிதம் பெரும்பாலும் சுரங்கத்துக்குச் சுரங்கம் வேறுபடும். ரத்தத்தில் இருந்த விகிதம் ஒத்துப்போனது மஞ்சள்தூளோடு! பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற, ஈயம் உள்ள மஞ்சள் நிறப்பொடியைக் கலந்திருந்தார்கள். 2019இல் ஆய்வு வெளியானதும் அரசு சந்தைகளில் இறங்கிச் சோதித்தது, அபராதம் போட்டது. அந்த ஆண்டு 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம், 2021இல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் மில் தொழிலாளர்களின் ரத்த ஈயமும் இறங்கியது.

ஒருத்தரின் ரத்தத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தக் கர்ப்பிணியிடம் ‘உங்களுக்கு 7 இருக்கிறது’ என்று ஒரு பேப்பரைக் கொடுத்தால், அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இந்தியாவில் 27.5 கோடிக் குழந்தைகளுக்கு 5க்கு மேல் ஈயம் இருக்கலாம் என்று 2020இல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. அது மதிப்பீடு. நாடு முழுக்கத் தொடர்ந்து அளக்கும் திட்டம் நம்மிடம் இல்லை. முடியாது என்பதால் அல்ல. 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து சர்வேயில், 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளிடம் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து துத்தநாகம் வரை பார்த்தார்கள். குழந்தையைப் பிடித்து ஊசி குத்தி அழவைத்தாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் ரத்தத்தில் ஈயத்தையும் பார்த்திருக்கலாமே? அடுத்த சர்வேயில் அதைச் சேர்க்க வேண்டும், மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம், டெஸ்ட் எடுத்துவிட்டு எண்ணைப் பார்த்துப் பயந்து போயிருப்பவர்களுக்கு: ‘டீடாக்ஸ்’ டிரிப் ஏற்றும் இடங்களுக்குப் போகாதீர்கள். ஈயத்தை வெளியேற்றும் மருந்தை முதலில் கொடுத்து, பிறகு சிறுநீரைச் சோதித்து, பார்த்தீர்களா எவ்வளவு விஷம் என்று காட்டும் வித்தை ஒன்று உண்டு. மருந்து கொடுத்தால் யாருக்கும் எண் ஏறும். ஒழுங்கான டாக்டரிடம் போங்கள், வீட்டில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். வரும் வழி அடைபட்டால் ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் சேர்ந்தது பல வருஷம் இருக்கும்.