வீட்டுக் காற்றாலை புதுச் சாமான் இல்லை

தம்பி, வீட்டுக் காற்றாலை சோலாருக்குப் பிறகு வந்த புதுச் சாமான், கூரையில் ஒன்று பூட்டினால் முழு வீட்டுக்கும் கறண்ட் காணும் என்று எழுதியிருக்கிறீர். இரண்டும் பிழை.

1887இலேயே ஸ்கொட்லாந்தின் மேரிகேர்க் கிராமத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத், துணிப் பாய் கட்டிய காற்றாலையால் பற்றறி ஏற்றித் தன் விடுமுறை வீட்டுக்கு விளக்கெரித்தார். மிஞ்சிய மின்சாரத்தைத் தெருவிளக்குக்குத் தருகிறேன் என்றார். ஊரவர் பிசாசின் வேலை என்று மறுத்துவிட்டார்கள்! 1920களில் மொன்டானாவில் ஜேக்கப்ஸ் சகோதரர்கள் மூன்று இதழ்க் காற்றாலை செய்தார்கள். மின்சார லைன் போகாத அமெரிக்கப் பண்ணைகளில் அதுதான் விளக்கும் ரேடியோவும். அவை பழுதென்று கைவிடப்படவில்லை. 1936இன் கிராம மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு மலிவாக லைன் வந்தது, அவ்வளவுதான்.

கூரைக் கதைக்கு வருவோம். காற்றின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். எங்கள் வளவுகளில் பனையும் தென்னையும் மாமரமும் காற்றை உடைத்துவிடும். கூரை மட்டத்தில் மிஞ்சுவது சுழல்தான். சோளகக் காற்றுக் காலத்தில், யாழ்ப்பாணக் கடலேரிக்கு மேலால் போகிற பண்ணைப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளுகிற காற்றை வைத்து நல்லூர் வீட்டுக்குக் கணக்குப் போடாதேயும். மரங்களுக்கு மேலே நிற்கிற கோபுரம் வேணும். காசு கட்டமுதல் அந்த உயரத்தில் காற்றை அளந்து பாரும்.